அந்தோணியம்மாள் பாத்தியில் ஆசியா

பூகோள வாத்தியார் தேசப்பனைத் தேடி ஜீப் வந்திருக்கிறது என்று பியூன் சொன்னபோது ஆசிரியர் அறையில் ஒருவரும் நம்பவில்லை. கணக்கு வாத்தியார் டீ கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, "ஏம்பா, நல்லா கேட்டியா? எலெக்‌ஷன் டூட்டிக்கு ஆள் புடிக்க வந்திருப்பான்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. மரக்காணம் பக்கத்து அரசுப் பள்ளியில் பூகோளத்தை மதித்து யாரும் வந்ததில்லை. கணக்குக்குப் பாடவேளை போதவில்லை என்றால் முதலில் விளையாட்டைப் பிடுங்குவார்கள். அதுவும் போதவில்லை என்றால் பூகோளத்தைப் பிடுங்குவார்கள். பதினேழு வருடமாக தேசப்பன் ஒன்பதாம் வகுப்புக்கு ஆசியாவின் இயற்கை அமைப்பு நடத்திவருகிறார். இமயமலையை அவர் பார்த்ததில்லை. அவர் ஏறிய அதிக உயரம் செஞ்சிக் கோட்டை. அதிலும் பாதி வழியில் மூச்சு வாங்கித் திரும்பிவிட்டார்.

ஆனால் ஜீப் நிஜமாகவே அவரைத் தேடித்தான் வந்திருந்தது. அதன் முன்பக்கத்தில் 'கண்ட விழிப்புணர்வு இயக்ககம்' என்று பலகை மாட்டியிருந்தது. உள்ளே இருந்து இணை இயக்குநர் கௌதமன் இறங்கினார். சஃபாரி சட்டை, பளபளக்கும் ஷூ, கக்கத்தில் ஒரு கோப்பு.

"நீங்கதானே தேசப்பன்? மாவட்டத்துலயே பூகோளத்தை மட்டும் எடுக்கிற ஒரே வாத்தியார்னு சொன்னாங்க. உங்களை நம்பித்தான் ஒரு கண்டத்தையே கொண்டாந்திருக்கேன்" என்றார்.

தேசப்பன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பதினேழு வருடத்தில் இப்படி ஒரு வாக்கியத்தை அவரிடம் யாரும் சொன்னதில்லை. பிற்பாடு நடந்த அத்தனைக்கும் காரணம் அந்த ஒரு வாக்கியம்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்.

இயக்ககம் பிறந்த கதையை கௌதமன் தலைமை ஆசிரியை அறையில் உட்கார்ந்து விளக்கினார். சுனாமி வந்துபோன பிறகு ஒரு குழு போட்டார்களாம். அந்தக் குழு கடலோரக் கிராமங்களில் ஆய்வு செய்ததாம். அலை வந்த அன்று கரையில் நின்றவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு சுமத்ரா எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லையாம்.

"தெரிஞ்சிருந்தா என்ன சார் ஆயிருக்கும்?" என்று தேசப்பன் கேட்டுவிட்டார்.

கௌதமன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அந்தத் திசையைப் பாத்துக்கிட்டு நின்னிருப்பாங்க இல்ல?"

ஆகவே கடலோர மக்களுக்கு முதலில் ஆசியாவைக் காட்டுவது என்று முடிவாகியிருந்தது. படத்தில் காட்டினால் மக்கள் மடித்து வைத்துவிடுவார்கள். எனவே மலை மலையாகவும், ஆறு ஆறாகவும், நாலு கோடிச் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட கண்டத்தைத் தரையிலேயே செய்து காட்ட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்களும் காணும்படியாக, தட்டையான, வெள்ளையான இடம் வேண்டும். மரக்காணம் உப்பளத்தைவிட வேறு என்ன இருக்கிறது? ஒரு பாத்தி போதும். திறப்பு விழா பிப்ரவரி இருபத்தாறு. சிறப்பு விருந்தினர் தேதி கொடுத்துவிட்டார். அதனால் இனிமேல் ஆசியாவைத் தள்ளிவைக்க முடியாது.

சிக்கல் பாத்தியில்தான் வந்தது.

உப்பள முதலாளி ராஜாங்கம் தன் சாலையோரப் பாத்தியைத் தரச் சம்மதித்தார். சம்மதித்துவிட்டு, "ஆனா என்னைக் கேட்டு ஆவாதுங்க. அது அந்தோணியம்மா மிதிச்ச பாத்தி. அவங்க சொல்லணும்" என்றார்.

கௌதமனுக்குப் புரியவில்லை. ராஜாங்கம் விளக்கினார். மழை விட்டதும் பாத்தித் தரையைக் கூலிக்காரப் பெண்கள் வரிசையாக நின்று வெறுங்காலால் மிதித்து இறுக்குவார்கள். நாள்கணக்கில் மிதிக்க வேண்டும். சேறு கல் மாதிரி இறுகினால்தான் உப்பு வெள்ளையாக இறங்கும். மிதித்து முடித்த தரையில் செருப்புக்கால் படக்கூடாது. மண்வெட்டி படவே கூடாது. முதல் மிதி விழுந்த நாளிலிருந்து கடைசி உப்பு வாரும் நாள் வரைக்கும் அந்தப் பாத்தி முதல் ஆளாக நின்று மிதித்தவளுடையது. முதலாளியே ஆனாலும் வரப்பில் நின்று கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

"இதுக்கு அரசாணை இருக்கா?" என்றார் கௌதமன்.

"அதெல்லாம் இல்லீங்க. எங்க அப்பா காலத்துலேர்ந்து இருக்குது."

"அப்ப எழுத்துமூலமா ஒரு சம்மதம் வாங்கிடணும்" என்று சொல்லிக்கொண்டே கௌதமன் தேசப்பன் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

தெரிந்தவர்தான். அந்தோணியம்மாளின் மகள் மேரிசெல்வி தேசப்பனின் ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். பூகோளத்தில் முதல் மதிப்பெண் வாங்குகிற பெண். அவள் ஒருத்திக்குத்தான் யெனிசெய் ஆற்றின் பெயர் தடுமாறாமல் வரும்.

மறுநாள் காலையில் தேசப்பன் செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு நின்றார். பக்கத்தில் கௌதமன் ஷூவோடு நின்றார். பாத்தியில் எட்டுப் பெண்கள் தோள் மேல் கை போட்டு, ஒரே தாளத்தில் கடைசி மிதி மிதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தோணியம்மாள் நெற்றி வியர்வையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா சார், மேரி எதுனா தப்பு பண்ணிட்டாளா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல. ஒரு நல்ல விஷயமா வந்திருக்கோம்" என்று தேசப்பன் ஆசியாவைப் பற்றிச் சொன்னார்.

அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு, "போன வருசம் அலை உள்ள பூந்து மணலைக் கொட்டிட்டுப் போச்சு. ஒரு மூட்டை உப்பு எடுக்கல. இந்த வருசம் மணலைச் சொமந்து கொட்டி, இருபத்தி ரெண்டு நாளு மிதிச்சிருக்கோம் சார். உங்க ஆசியாவை மேல வெச்சுட்டு எடுத்துடுவீங்களா, இல்ல தரையைக் கெளறுவீங்களா?" என்றாள்.

"ஒரு சுண்டுவிரல் ஆழம்கூட கெளற மாட்டாங்க. நான் சொல்றேன்."

"நீங்க சொன்னா சரி சார். பேப்பர்ல இன்னா எழுதியிருக்குது? படிங்க."

அவளுக்குப் பெயர் எழுதத் தெரியும். படிக்கத் தெரியாது. தேசப்பன் சம்மதப் படிவத்தைப் படிக்கத் தொடங்கினார். ஒன்று, காட்சிக்காகப் பாத்தியைப் பதினைந்து நாள் ஒப்படைத்தல். இரண்டு, காட்சியை வியந்து பாராட்டுதல். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. ஏழாவதில் அவர் கண் நின்றது. 'நிலத்தோற்றத்தின் தேவைக்கேற்ப இயக்ககம் தரையை அகழ்ந்துகொள்ளலாம்.'

கௌதமன் லேசாகச் செருமினார்.

தேசப்பன் எட்டாவதைப் படித்தார்.

நினைத்துப் பார்த்தால் அது ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. எட்டாவது விதி, வந்திருப்போருக்கு மோர் வழங்கப்படும் என்பது. 'சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குப் போட்டிருப்பாங்க, இங்க எதுக்குத் தோண்டப் போறாங்க' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்தோணியம்மாள் படிவத்தை முழங்காலில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

"மோரெல்லாம் குடுக்கிறாங்கடி" என்று கூட மிதிக்கும் பாஞ்சாலை பின்னாலிருந்து சொன்னாள். எட்டுப் பேரும் சிரித்தார்கள். தேசப்பனும் சிரித்தார்.

மறுவாரம் ஆசியா வேலை தொடங்கியது.

முதல் நாளே ஒரு தகராறு. பாத்தி நீள்சதுரம். ஆசியா நீள்சதுரம் இல்லை. சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தபோது கம்சட்கா தீபகற்பம் வரப்பைத் தாண்டிப் பக்கத்துப் பாத்தியில் விழுந்தது. அதற்குத் தனிச் சம்மதம் வாங்க வேண்டும், தனிக் கோப்பு திறக்க வேண்டும். கௌதமன் அரைமணி நேரம் யோசித்தார். பிறகு கம்சட்கா 'நிர்வாகக் காரணங்களால்' விடப்படுவதாக ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்திட்டார். அங்கே எரிமலைகள் இருக்கின்றனவே என்று தேசப்பன் மெல்லச் சொன்னார்.

"அப்ப நல்லதாப் போச்சு. விழா நேரத்துல வெடிச்சா யாரு பதில் சொல்றது?" என்றார் கௌதமன்.

அடுத்தது இமயமலை. அலைக்கு முந்திய பருவத்தில் வாரி, மேட்டில் ஓலை போட்டு மூடிவைத்திருந்த பழைய உப்பை, பெண்கள் கூடை கூடையாகச் சுமந்து குவித்தார்கள். எட்டடி உயரத்தில் அது ஜோராக எழுந்து நின்றது. அதைப் பார்த்துப் பாஞ்சாலைகூட, "வெயில்ல கண்ணு கூசுது, நெசமாவே பனிதாண்டி" என்றாள். தேசப்பன் வாழ்க்கையில் முதல்முறையாக இமயமலையை அண்ணாந்து பார்த்தார்.

மாலையில் கௌதமன் வந்தார். அவரும் அண்ணாந்து பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை.

"சிறப்பு விருந்தினர் நாற்காலி மேடையோட சேர்த்து அஞ்சடி. அவரைவிட உயரமா ஒரு மலை நிக்கலாமா? நாலடியாக் குறைங்க."

எவரெஸ்ட் நாலடி ஆனது. எவரெஸ்ட் குறைந்ததால் விகிதப்படி மற்ற மலைகளும் குறைந்தன. தியான்ஷான் முழங்கால் வரைக்கும் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை, இட்லிப் பானையிலிருந்து தவறி விழுந்த மாதிரி, இங்கே ஒரு கட்டி அங்கே ஒரு கட்டியாகக் கிடந்தது.

"மேடை எங்க சார் போடறது?" என்று பந்தல்காரர் கேட்டார்.

கௌதமன் பாடப்புத்தகத்தைப் புரட்டினார். "திபெத் பீடபூமி. உலகத்தின் கூரைன்னு போட்டிருக்கே. ஷாமியானாவை அங்கயே போடு."

பந்தல்காரர் மூங்கில் நடக் கடப்பாரையை எடுத்தார். வரப்பிலிருந்து அந்தோணியம்மாள் ஓடிவந்தாள். "ஏம்பா, ஏம்பா, தரையைத் தொடாத! சார், சொல்லுங்க சார்!" தேசப்பன் கெஞ்சிக் கேட்டதில் மூங்கில்கள் மண் நிரப்பிய தகர டிரம்களில் நடப்பட்டன. தேசப்பனுக்கு அன்று பெருமையாக இருந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று வீட்டில் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

சைபீரியாவுக்குக் குளிர் வேண்டும் என்று அனுமந்தைக் குப்பத்திலிருந்து மீன் ஐஸ் வந்தது. சைபீரியா முழுக்க, கவலை என்கிற சின்ன மீனின் நாற்றம் அடித்தது. காக்கைகள் யூரல் மலையில் வந்து உட்கார்ந்தன. அந்தக் காக்கைகளை ஓட்ட ஆள் போட்டபோது, அந்தப் பதவிக்கு 'வடபுலச் சூழலியல் உதவியாளர்' என்று பெயர் வைத்தார்கள்.

ஆறுகளில் கௌதமன் கொஞ்சம் கோபப்பட்டார். ஓப், யெனிசெய், லேனா மூன்றும் தெற்கிலிருந்து வடக்கே பாய்வதாக தேசப்பன் நீலப் பொடி தூவி அம்புக்குறி போட்டிருந்தார்.

"படத்துல வடக்கு மேல இருக்கு. ஆறு கீழேர்ந்து மேல ஓடுமா மிஸ்டர்?"

"சார், அங்க நிலச் சரிவு அப்படி. வடக்கே ஆர்க்டிக் கடல்ல போய்..."

"உண்மையா இருக்கலாம். ஆனா கோப்புல எழுதினா ஆட்சேபணை வரும். மேலேர்ந்து கீழ விடுங்க."

தேசப்பன் துடைப்பத்தைக் கையில் எடுத்தார். பிறகு மூன்று ஆறுகளையும் திருப்பிவிட்டார். பள்ளி விட்டு வந்து வரப்பில் உட்கார்ந்திருந்த மேரிசெல்வி, "சார், லேனா தப்பா ஓடுது" என்றாள். "தெரியும்மா" என்றார். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தேசப்பனுக்குத் தோன்றியது.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் கௌதமன் பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கத்துக்கு வந்துசேர்ந்தார்.

"உலகத்துலயே ஆழமான ஏரி ஆசியாவுலதான் இருக்காமே! பைக்கால். எங்க அது?"

தேசப்பன் காட்டினார். மீன் ஐஸுக்குக் கீழே, பிறை மாதிரி, நீலத் தாளில் வெட்டி ஒட்டியிருந்தது.

"தாளா? ஆழமான ஏரியைத் தாளுல காட்டுறதா? தோண்டுங்கய்யா."

கடப்பாரை வந்தது. அந்தோணியம்மாளும் வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற ஏழு பேரும் வந்தார்கள். அவள் கௌதமனிடம் பேசவில்லை. தேசப்பன் முகத்தைப் பார்த்தாள்.

"சுண்டுவிரல் ஆழம்கூட கெளற மாட்டோம்னு சொன்னீங்களே சார்."

தேசப்பன் கௌதமனைப் பார்த்தார். "சார், தாளே போதும்னு..."

"என்ன தேசப்பன், நீங்களே இப்படிப் பேசலாமா? அறிவியல்பூர்வமா சொல்லுங்க. பைக்கால் ஆழமா, இல்லையா?"

எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்தல்காரர், ஓட்டுநர், எட்டுப் பெண்கள், வரப்பில் மேரிசெல்வி. அந்தக் கேள்விக்கு விடை அவருக்குத் தூக்கத்திலும் தெரியும். பதினேழு வருடமாகச் சொல்லிவந்த விடை.

"ஆழம்தான் சார். ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கு மேல."

இந்த ஆசியா முழுவதிலும் அந்த ஒன்றுதான் சரியான தகவல். கடப்பாரை இறங்கியது.

கௌதமன் கோப்பைத் திறந்து அந்தோணியம்மாளிடம் ஏழாவது விதியைக் காட்டினார். "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா. உங்களுக்குப் படிச்சுக் காட்டினாரே!"

அந்தோணியம்மாளுக்கு அந்த எழுத்துகள் தெரியாது. அவள் மகளுக்குத் தெரியும். மேரிசெல்வி எட்டிப் பார்த்துப் படித்தாள். படித்துவிட்டு அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அந்தோணியம்மாள் தேசப்பனை ஒரு தரம் பார்த்தாள். திட்டவில்லை. வரப்பில் ஏறி, கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள். பாஞ்சாலை மட்டும் நின்று, "வாத்தியாரே, நல்லாத்தான் படிச்சே" என்றாள். அதுவரைக்கும் அந்த ஊரில் அவரை ஒருமையில் யாரும் பேசியதில்லை.

அன்று நாலடி தோண்டினார்கள். இரவோடு குழியில் தண்ணீர் ஊறிவிட்டது. அந்தத் தண்ணீரைக் கண்டு கௌதமன் பரவசமானார். "பாத்தீங்களா? ஏரி தன்னாலயே வந்துடுச்சு!"

பிப்ரவரி இருபத்தாறு. விழா முழு உடையில் என்று ஆணை. தேசப்பன் மைத்துனரிடம் இரவல் வாங்கிய ஷூவோடு, கையில் நீளப் பிரம்போடு ஆசியாவின் வாசலில் நின்றார். அரேபியப் பாலைவனம்தான் வாசல். வெறுங்காலோடு இருப்பவர்கள் கண்டத்துக்குள் வரக்கூடாது, காட்சி கெட்டுவிடும் என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஆகவே அந்தப் பாத்தியை மிதித்த எட்டுப் பேரும் வரப்புக்கு அந்தப் பக்கம், வெயிலில், மோருக்காக நிறுத்தப்பட்டிருந்தார்கள். மோர் வரவில்லை. மோருக்குத் தனிக் கோப்பு.

சிறப்பு விருந்தினர் இருபது பேரோடு வந்தார். தேசப்பன் முன்னால் நடக்க, நாற்பத்திரண்டு ஷூக்கள் பின்னால் நடந்தன. ஒவ்வோர் அடிக்கும் தரையில் குதிகால் பதிவதை அவர் காலால் உணர்ந்தார். முதல் தடம் தன்னுடையது என்பதும் தெரிந்தது. அரேபியா, பாரசீகம், தார் பாலைவனம், கங்கைச் சமவெளி. "இது கங்கை சார், இது பிரம்மபுத்திரா சார்" என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. வரப்புப் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

மேடையில் கௌதமன் பேசினார்: "பெரியோர்களே! ஆசியா இதுவரை எங்கோ கிடந்தது. அதற்கு ஓர் அலுவலகம் கிடையாது, ஒரு முத்திரை கிடையாது, கேட்பார் கிடையாது. இன்று அதை ஒழுங்குபடுத்தி இருக்கிறோம். அளவுக்கு மீறி உயர்ந்த மலைகளைக் குறைத்திருக்கிறோம். தவறான திசையில் ஓடிய ஆறுகளைத் திருத்தியிருக்கிறோம். தேவையற்ற தீபகற்பம் ஒன்றை நீக்கியிருக்கிறோம். இத்தனையும் செய்து, நிலத்தில் ஒரு சிறு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொண்டோம் என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்."

சிறப்பு விருந்தினர் பேசினார்: "நான் சின்ன வயதில் பூகோளத்தில் தோற்றவன். இன்று அந்த பூகோளத்தின் மேலேயே நிற்கிறேன் என்றால், விடாமுயற்சிதான் காரணம்." கைதட்டல் அடங்க வெகுநேரமானது. யாரோ கேட்டார்கள், சுமத்ரா எங்கே என்று. சுமத்ரா இருந்த இடத்தில் ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள்.

ஆசியாவுக்குப் பாத்தி பதினைந்து நாள்தான் என்று படிவத்தில் இருந்தது. இயக்ககம் ஷாமியானாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. மீதியைப் பெண்கள் வாரிக் கொட்டினார்கள். குழி மட்டும் அடைபடவில்லை. எத்தனை கூடை களிமண் போட்டாலும் அடியிலிருந்து நல்ல தண்ணீர் ஊறியது. கடல் தண்ணீர் பாய்ச்சினால் அதோடு கலந்து கலங்கியது. கறுப்புச் சேறு கிளம்பியது. பக்கத்துப் பாத்திகளில் உப்பு பூக்கத் தொடங்கியிருந்தது. இந்தப் பாத்தியில் நுரைதான் பூத்தது.

ராஜாங்கம் வந்து பார்த்தார். அந்தோணியம்மாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று தேசப்பனிடம் சொன்னது இதுதான்:

"மொதலாளி சொல்றாரு, நீதானே கையெழுத்துப் போட்ட, நீ கெடுத்த பாத்திக்கு நீயே பொறுப்பு, இந்த வருசம் வேற பாத்தி கெடையாதுன்னு. ஆபீஸுதான் தோண்டுச்சுன்னு வாத்தியார் ஒரு வரி எழுதிக் குடுத்தா, கெழக்கால சும்மா கெடக்குற பாத்தியத் தர்றேன்னாரு. ஒரு வரி சார். எட்டுக் குடும்பம்."

"பாக்கறேம்மா" என்றார் தேசப்பன்.

அவர் பார்ப்பதற்குள் இயக்ககத்திலிருந்து தபால் வந்தது. 'சிறந்த கண்ட ஆசிரியர்' என்று சான்றிதழ், கூடவே நிரப்பி அனுப்ப வேண்டிய ஒரு படிவம். 'காட்சியால் நிலத்துக்கு ஊறு ஏதும் உண்டா?' என்று ஒரே கேள்வி. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்ற ஒரு சொல்தான் கொள்ளும். உண்மையை எழுத அந்த அளவு இடம் போதாது. தேசப்பன் பேனாவை மூடி மூடித் திறந்தார். ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, "பரவால்லையே தேசு!" என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். தேசப்பன் 'இல்லை' என்று எழுதினார்.

அதன்பிறகு அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போக உப்பளச் சாலையை விட்டுச் சுற்றுவழியில் போனார். மைத்துனரின் ஷூவைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. எத்தனை பாலிஷ் போட்டாலும் காலையில் பார்த்தால் தோலில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

மார்ச் பத்தாம் தேதி மதிப்பீட்டுக்காக கௌதமனே வந்தார். விழிப்புணர்வு எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று அளக்க வேண்டும். நேராக ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்து, கரும்பலகை முன்னால் நின்று கேட்டார்:

"உலகத்திலேயே ஆழமான ஏரி எங்கே இருக்கிறது? யார் சொல்வீங்க?"

ஒரு கை உயர்ந்தது. மேரிசெல்வி எழுந்தாள்.

"எங்க பாத்தியில சார்."

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் உப்பளத்துப் பிள்ளைகள். தேசப்பன் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கௌதமன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! ஏதோ ரஷ்யாவுல இருக்குன்னு நெனைக்கல. தன் வீட்டுச் சொத்தாவே நெனைக்குது. இதுக்குப் பேருதான் விழிப்புணர்வு. நூத்துக்கு நூறு!" அவர் மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்தார். மூன்று தாள், நடுவே கார்பன். "ஆசிரியர் குறிப்புன்னு ஒரு இடம் இருக்கு. பாப்பா சொன்னதைப் பத்தி நாலு வரி எழுதுங்க. நான் மேலொப்பம் போட்டுடறேன்."

இந்தத் தடவை கட்டம் பெரியது.

தேசப்பன் மேசையில் உட்கார்ந்து எழுதினார். கார்பனில் மூன்றாவது தாள் வரைக்கும் இறங்கும்படி அழுத்தி எழுதினார். எழுதி முடித்து நீட்டினார். கௌதமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜீப்பில் டிரைவர் ஹாரன் அடித்தார். கௌதமன் முதல் வரியைச் சத்தமாகப் படித்தார்: "மாணவி சொன்னது முழுக்க உண்மை." பிறகு சொன்னார்: "பிரமாதம்! இது போதும்." மூன்று தாளிலும் கையெழுத்திட்டு, மூன்றிலும் இயக்ககத்தின் உருண்டை முத்திரையைக் குத்தி, கடைசித் தாளைக் கிழித்து தேசப்பனிடம் கொடுத்துவிட்டு ஏறிப் போய்விட்டார். அடுத்த வாரம் ஆப்பிரிக்கா.

பாதி படித்துவிட்டு நிறுத்துவது எத்தனை சுலபம் என்று தேசப்பனுக்கு அன்று எதிர்ப் பக்கத்தில் நின்று தெரிந்தது.

பள்ளி விட்டதும் அவர் உப்பளத்துக்குப் போனார். செருப்பை வரப்பில் கழற்றினார். அந்தோணியம்மாள் குழியோரம் களிமண்ணை மிதித்துக்கொண்டிருந்தாள். மேரிசெல்வி புத்தகப் பையோடு பக்கத்தில் நின்றாள். அவரைப் பார்த்ததும் பாஞ்சாலை, "அடுத்த கண்டம் வந்துடுச்சுடி" என்றாள்.

"இது மொதலாளிகிட்ட காட்டறதுக்கு. ஆபீஸரு சீல் இருக்குது" என்று தேசப்பன் தாளை நீட்டினார்.

"இன்னா எழுதியிருக்குது? படிங்க" என்றாள் அந்தோணியம்மாள். அன்றைக்குச் சொன்ன அதே சொல். 'சார்' மட்டும் இல்லை.

தேசப்பன் படித்தார். "மாணவி சொன்னது முழுக்க உண்மை. அந்தக் குழி அவள் தாயார் அந்தோணியம்மாள் மிதித்த பாத்தியில் இருக்கிறது. அதைத் தோண்டியது இயக்ககம். தரையைத் தோண்டலாம் என்ற ஏழாவது விதியை அவருக்குப் படித்துக் காட்டாமல் தாண்டிப்போனவன் நான். நிலத்துக்கு ஊறு இல்லை என்று முன்பு நான் எழுதியது பொய். தேசப்பன், பூகோள ஆசிரியர்."

படித்து முடித்து நிமிர்ந்தார். பெண்கள் மிதிப்பதை நிறுத்தியிருந்தார்கள். அந்தோணியம்மாள் சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, தாளை அவர் கையிலிருந்து வாங்கினாள். ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மகளிடம் கொடுத்தாள்.

"நீ படிடி, மேரி. நெதானமா படி. நடுவுல எதையும் உட்டுடாத."

மேரிசெல்வி தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தோணியம்மாள் தலையை ஆட்டினாள். தேசப்பன் வரப்பில் வெறுங்காலோடு, மேரிசெல்வி கடைசி வரிக்கு வந்து அவர் பெயரையும் சொல்லி முடிக்கும் வரைக்கும் நின்றார்.